வீட்டுக்காரம்மாவின் மழைத் தொட்டி

சில ஆண்டுகளுக்கு முன் மாலத்தீவின் ஒரு சிறிய தீவில் கணித ஆசிரியையாக வேலை பார்த்தேன். கீழ்வேளூரில் அறுவடை முடிந்த கையோடு, மார்ச் மாதத்தில் மாமியார் என்னைப் பார்க்க வந்தார். பெட்டியில் பாதி புழுங்கலரிசியும் கோலமாவும். மீன் பிடித்தே பிழைக்கும் தீவுக்குக் கருவாடு வேறு.

ஒரு மீனவர் வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தேன். அங்கே ஆறு, குளம் எதுவும் கிடையாது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளிக்க, துவைக்க அதுதான். குடிக்கவும் சமைக்கவும் கூரையில் விழும் மழையைப் பிடித்துவைத்த தொட்டி. வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் எனக்கும் அது பொது. மாமியார் வந்த அன்றே இதைச் சொன்னேன். தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது மட்டும் அவர் மனதில் நின்றது. அடுத்த மழைவரை அவ்வளவுதான் என்பது நிற்கவில்லை.

நான் பள்ளிக்குப் போனதும் அந்தத் தண்ணீரில் தலை குளித்தார், புடவை அலசினார், வாசல் தெளித்துக் கோலம் போட்டார். வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விருந்தாளியைத் தடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மாலை குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பதறிப்போய் முன்வீட்டுக்கு ஓடினேன். மாமியாரும் பின்னால் வந்தார். வீட்டுக்காரம்மா சிரித்து, பரவாயில்லை என்றார். கடலிலிருந்து திரும்பியிருந்த அவர் கணவர், டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கிணற்றுத் தண்ணீரில் போட்ட டீ.

எங்கள் பகுதிக்குத் திரும்பியதும் மாமியாருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கீழ்வேளூர் காவிரியின் கடைமடை. மேலே தலைமடையில் உள்ள ஊர்கள் பாய்ச்சியது போக மிச்சம் வருமா என்று காத்திருந்து பயிர் வைப்பவர்கள் நாங்கள். மாமியார் குழாயை இன்னொரு முறை திறந்து பார்த்து மூடினார்.

"தலமடக்காரன் தண்ணிய அமுக்கிட்டான்னு வருஷா வருஷம் திட்டுறோம். இங்க நாந்தாம்மா அந்தத் தலமடக்காரி."

பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"அத நாம குடிப்போம். நான் தீத்தத நாந்தான் தூக்கியாந்து குடுக்கணும். டிக்கெட்ட மாத்து. மழ வந்தப்பறம் போறேன்."

பள்ளிவாசல் அருகே ஊர்ப் பொதுத் தொட்டி இருந்தது. வறட்சிக் காலத்தில் மாலைதோறும் வீட்டுக்கு இத்தனை கேன் என்று தருவார்கள். எங்கள் பங்கை வாங்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நேராக வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் கொண்டுபோய் வைப்பார் மாமியார். முழங்கால் வலிக்காரர், நடுவில் சுவரைப் பிடித்து நின்றுகொள்வார், கேனை மட்டும் இறக்கமாட்டார். இடுப்பில் கேனா என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா ஓடிவந்து பிடுங்கப் பார்ப்பார்.

"கைய விடு தங்கச்சி, சிந்திடப் போவுது!"

இவர் தமிழில் அதட்ட, அவர் தன் மொழியில் அதட்டுவார். மொழிபெயர்க்க இருவருமே என்னைக் கூப்பிட்டதில்லை. எத்தனையோ முறை நான் தூக்குகிறேன் என்று கேட்டும் கேனை என்னிடம் தரவில்லை.

மே மாதத்தில் ஒரு பகல், தகரக் கூரை அதிர மழை இறங்கியது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி மாமியார் அதன் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார். அது நிரம்பி வழிந்த பிறகுதான் பெட்டி கட்டச் சொன்னார்.

மறு ஆண்டு நான் விடுமுறையில் ஊரில் இருந்தபோது, சிகிச்சைக்காக இந்தியா வந்த வீட்டுக்காரம்மா கீழ்வேளூருக்கும் வந்தார். மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டியிருந்த நேரம். கரையில் நின்று அதையே பார்த்தார். இவ்வளவும் உங்களுடையதா என்று கேட்டார். மாமியாரிடம் தமிழில் சொன்னேன்.

அவர் கிழக்கே கையைக் காட்டினார். "இல்லன்னு சொல்லு. அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு ஊரு காத்துக் கெடக்கு."

இப்போதெல்லாம் எந்த ஊரில் குழாயைத் திறந்தாலும், எனக்குக் கீழே யார் காத்திருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் வாளியை வைக்கிறேன்.