கழுவக் கூடாத இன்ஜின்

வென்டல் ஹாஸ்கின்ஸ் முப்பத்தோரு வருஷம் எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைச்சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியது இரண்டுதான்: மனைவி ஓரா, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடிய ஒரு வேன். ஓராவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி ஐம்பது மைல் தள்ளிப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வேன் ஓடினால்தான் அவள் பிழைப்பாள்.

நான் மெர்லா, உதிரிபாகக் கடைக் கவுன்டரில் பன்னிரண்டு வருஷமாக நிற்பவள். வென்டல் வாரம் தவறாமல் வந்து, கிழட்டு வண்டிகளுக்கென்றே விற்கிற ஆயிலும், வேன் புகை கக்காமலிருக்க அந்த ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்து ஒரு பாட்டிலும் வாங்கிப் போவார். குளிர்காலத்தில் அந்த மருந்து பாகுபோல இறுகிவிடும். அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலை அதில் நிறுத்தி இளக்கித்தான் ஊற்றுவார்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி சூப் சுட வச்சுக் குடுத்திருப்பியா?" என்பாளாம் ஓரா.

ஆனால் புகை மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனை வாசலில் நீலப் புகை சூழ, நர்சுகள் ஜன்னலைச் சாத்துவார்கள். ஓரா கூனிக் குறுகிப் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்து கேட்டார்: "மெர்லா கண்ணு, இன்ஜின உள்ளாரக் கழுவுற மருந்து இருக்காமே? அவ வெக்கப்படாம ஒரு தடவ இறங்கணும். ஊத்தலாமா?"

ஊற்றக் கூடாது. அத்தனை மைல் ஓடிய இன்ஜினில் கசடைக் கிளப்பிவிட்டால் அது ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் நாலு பேர் நின்றார்கள், போன் அடித்துக்கொண்டிருந்தது, அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை.

"ஊத்துங்க, நல்லதுதான்," என்றேன். பாவி நான்.

புதன்கிழமை வேன் புகையே இல்லாமல் போனது. ஓரா ராணி மாதிரி இறங்கினாளாம். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போகும் வழியில், பாதி மலையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மரம் ஏற்றி வந்த லாரி அவர்களை வீட்டில் இறக்கிவிட்டது. அன்றிரவே பனி கொட்டிப் பாதை மூடியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றாராம் வென்டல். "இந்தப் பனியில யாரையும் சாகடிக்காத. திங்கக்கிழமை போய்க்கலாம்," என்றாளாம் அவள். ஞாயிறு காலையில், சுத்தம் செய்யாத ரத்தத்தோடு, அவள் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் கடைக்கு வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருப்பார் போல. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். அத ஊத்துனா வண்டி நின்னுடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"



"தெரியாதுங்க," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்ப நீ மனச போட்டு ஒழப்பிக்காத கண்ணு. தெரியாமச் சொன்னதுக்கு நீ என்ன பண்ணுவ?"