லிஃப்ட் டெஸ்டில் வந்த அழைப்பு

பேயைப் பார்த்தேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நான் பார்த்தது ஒரு போன். கறுப்பு உறை, இடது மூலையில் மெல்லிய கீறல், மற்றபடி புதிது போலவே இருந்த ஒரு பழைய போன். ஆனால் அன்று மாலை நடந்தது எதுவும் கற்பனை இல்லை. எனக்குக் கற்பனை வராது. மாலைக் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறவன் நான். கால்குலேட்டர் சொல்லும் கூட்டுத்தொகையைக்கூட இன்னொரு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவேன். தினமும் டைரி எழுதும் பழக்கம் உண்டு. அந்த ஒரு நாளின் பக்கத்தை மட்டும் நெடுநாள் காலியாக விட்டிருந்தேன். இப்போதுதான் எழுதுகிறேன். லிஃப்டில் தனியாகப் போய் வருகிறவர்கள் கவனமாகப் படியுங்கள்.

பகலில் எனக்குப் பழைய போன் கடையில் வேலை. ஏழு மாடிக் கட்டடம். ஐந்தாவது மாடியில் எங்கள் கடை. அங்கே நாங்கள் மூன்று பேர். முதலாளி. செத்த போன்களைத் திறந்து பிழைக்க வைப்பதால் 'சர்ஜன்' என்று பெயர் வாங்கிய ரிப்பேர் அண்ணன். பிறகு நான். கடைக்கு வருகிற போன் எந்த நெட்வொர்க்கில் வேலை செய்யும், எதில் செய்யாது என்று பார்ப்பது என் பொறுப்பு.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. போனுக்கென்று உள்ள அடையாள எண்ணை நெட்வொர்க் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டு, தடை செய்யப்பட்ட போனா என்று பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டு, சிக்னல் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக லிஃப்ட் டெஸ்ட். இது முதலாளியே கண்டுபிடித்தது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு பழைய இரும்புப் பெட்டி. கதவு மூடினால் நல்ல போனுக்கே மூச்சு முட்டும். கடை லேண்ட்லைனுக்கு அடித்து, பேசிக்கொண்டே கீழே போய்த் திரும்பி மேலே வர வேண்டும். நடுவில் பேச்சு அறுபடாவிட்டால் போன் தேறிவிட்டது என்று அர்த்தம்.

"நம்ம லிஃப்ட்ல பேசுற போன் கல்லறையிலகூட பேசும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார் முதலாளி. நாங்களும் சிரிப்போம்.

அப்போது அக்காவுக்கு ஒன்பதாவது மாதம். அத்தானுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அக்காவும் நானும் மட்டும்தான். அன்று காலை நான் கிளம்பும்போது சொன்னாள்:

"டேய் ஆடிட்டர், போனைக் கையிலயே வச்சிரு. வலி வந்தா உனக்குத்தான் அடிப்பேன். எடுக்காம விட்டே, பிள்ளைக்கு உன் பேரை வச்சிடுவேன்."

"அது எனக்கு என்ன தண்டனை?"

"உனக்கு இல்லடா. பிள்ளைக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாசல் கதவைப் பிடித்திருந்த அவள் கை இறுகியிருந்ததைக் கவனித்தேன்.

அன்று கல்லூரி விடுமுறை. மாலை ஆறரை மணிக்கு மேல் இருக்கும். அந்தக் கறுப்பு போனைப் பிடித்துப்போய் ஒருவர் கடையில் காத்திருந்தார். அவருடைய நெட்வொர்க்குக்கு நாங்கள் வைத்திருந்த சோதனை சிம் காலாவதியாகிவிட்டது. என்னுடைய சொந்த சிம்மும் அதே கம்பெனிதான்.

"உன் சிம்மைப் போட்டுப் பாரேன்" என்றார் முதலாளி.

"அக்கா எந்த நேரமும் கூப்பிடலாம், முதலாளி."

"ரெண்டு நிமிஷத்துல எந்தப் பிள்ளையும் பொறந்துடாது. போடா."

"அடையாள எண் ரிசல்ட் இன்னும் வரல. பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு."

"அது பாட்டுக்குச் சுத்தட்டும். அதுக்குள்ள நீ லிஃப்டை முடிச்சிடு. அவர் கிளம்பிடப் போறாரு."

என் போனிலிருந்து சிம்மைக் கழற்றிக் கறுப்பு போனில் போட்டேன். என் போன் வெறும் கூடாக மேசையில் கிடந்தது. கறுப்பு போன் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருந்தது. சில போன்கள் மெதுவாகத்தான் தேடும். அதைப் பார்த்தபடியே லிஃப்டுக்கு நடந்தேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே காலை வைத்தேன். சிக்னல் கோடுகள் நான்கும் சட்டென்று நிறைந்தன.

அந்த லிஃப்டுக்குள் எந்த போனும் ஒரு கோட்டுக்கு மேல் காட்டி நான் பார்த்ததில்லை. நல்ல போன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அப்படித்தான் தோன்றியது.

தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினேன். கடை எண்ணுக்கு அடித்தேன். ஒரு முறை மணி போனது. இரண்டாவது முறை போகும்போது...

க்ர்ர்ர்... டக்.

லிஃப்ட் நின்றது. மேலே விசிறி ஓய்ந்தது. விளக்கு பாதி வெளிச்சத்துக்கு இறங்கியது. காதில் மணிச் சத்தமும் நின்றுவிட்டது.

மேலே இருந்த எண் 4-க்கும் 3-க்கும் நடுவில் துடித்தது. அபாய மணியை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. கதவைத் தட்டினேன். கத்தினேன். அந்த இரண்டு மாடியிலும் இருப்பவை அலுவலகங்கள். ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள்.

போனைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று ஓரத்தில் இருந்தது. அவசர எண்ணுக்கு அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் போகவில்லை.

அந்தப் பெட்டிக்குள் நான்கு பேர் நின்றால் தோள் இடிக்கும். அன்று நான் ஒருவன்தான் இருந்தேன். அப்படியும் இடம் போதாதது போல இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு இப்போது வலி வந்தால்? என் எண்ணுக்குத்தான் அடிப்பாள். என் எண் என்னோடு சேர்ந்து இந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் எத்தனை முறை அடிப்பாள்? அதற்குப் பிறகு என்ன செய்வாள்?

6.58.

போன் அடித்தது.

திரையில் எண் வரவில்லை. பெயரும் வரவில்லை. வெறும் பச்சை வட்டம்தான் இருந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா?"

முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. தூரத்தில் எங்கோ ஓர் இயந்திரம் ஓடுவது போல. பிறகு ஒரு பெண்குரல்.

"தம்பி... எங்கடா இருக்க?"

"லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்க்கா. உனக்கு வலி வந்துடுச்சா?"

"பயப்படாத. நான் சொல்றதைக் கேளு. வெளிய வந்துடலாம்."

"உனக்கு வலியா, சொல்லு."

"உள்கதவை ரெண்டு கையாலயும் இழு. திறக்கும்."

இழுத்தேன். கதவு திறந்தது. எதிரே மேல் பாதி வெறும் சுவர். கீழ்ப் பாதியில் மூன்றாவது மாடி வெளிக்கதவின் தலைப்பகுதி தெரிந்தது. லிஃப்டின் தரை அந்தக் கதவின் நடுவே நின்றிருந்தது.

"கதவுக்கு மேல ஒரு சின்ன உருளை இருக்கும் பாரு. அதை ஓரமா தள்ளு."

இருந்தது. தள்ளினேன். வெளிக்கதவும் வழிவிட்டது. இடுப்பு உயரத்துக்கு ஒரு திறப்பு. அதற்கு அப்பால் தாழ்வாரத்தின் இருட்டு. லிஃப்ட் தரைக்குக் கீழே இன்னொரு இருட்டு. அங்கிருந்து எண்ணெய் நாற்றத்தோடு குளிர்ந்த காற்று வந்தது.

"குப்புறப் படு. காலை முதல்ல வெளிய விடு. இறங்கிடு."

குப்புறப் படுத்தேன். காலை வெளியே விட்டேன். முழங்கால் வரை போய்விட்டது. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியிருந்தேன்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் சந்தேகங்களை நானே நம்பமாட்டேன். பயத்தில் காது தப்பாகக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும்...

அக்கா தையல்காரி. லிஃப்ட் கதவின் உருளை அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

"அக்கா... என்னை எப்படிக் கூப்பிடுவ?"

"நேரமில்ல தம்பி. இறங்கிடு."

"சொல்லுக்கா."

"இறங்கிடு."

குரல் மாறவில்லை. கோபம் இல்லை. அவசரமும் இல்லை. ஒரே சுருதி.

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன்.

சிக்னல் இல்லை.

அழைப்பு ஓடும் நேரமும் இல்லை.

'அவசர அழைப்புகள் மட்டும்.'

என் சட்டைப் பையில் எப்போதும் சிம் தட்டைத் திறக்கும் ஊசி இருக்கும். ஊசி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை தட்டு வெளியே வந்தது.

சிம் என் உள்ளங்கையில் இருந்தது.

"தம்பி..."

சிம் இல்லாத போன்.

"...இறங்கிடு..."

சிம்மைச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

"...நான் இருக்கேன்ல... இறங்கிடு..."

காலை உள்ளே இழுத்தேன்.

போனைத் தூக்கி எறிந்தேன்.

அது மூலையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும்...

"...இறங்கிடு..."

க்ர்ர்ர்.

லிஃப்ட் இறங்கியது.

கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன. அப்படியே இறங்கியது. வெளிக்கதவின் மேல்சட்டம் என் கண்முன்னே கீழிருந்து மேலாக ஏறிப் போனது. என் முழங்கால்கள் இருந்த அந்தத் திறப்பு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவராக மாறியது. சுவரில் இரும்பு உரசி ஒரு நீண்ட சத்தம் வந்தது.

தரைத்தளத்தில் காவலாளியும் சர்ஜனும் நின்றிருந்தார்கள். காவலாளி என்னைக் கைத்தாங்கலாக வெளியே இழுத்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"யோவ், கதவை நோண்டினியா? கதவு திறந்திருந்தா லிஃப்ட் ஓடாதுன்னு நெனச்சியா? புது லிஃப்டுக்குத்தான்யா அந்தச் சட்டம். இந்தக் கிழத்துக்கு ஒண்ணும் தெரியாது. கரண்டைப் போட்டா ஓடிடும்."

"நீ உள்ள மாட்டிக்கிட்டேன்னு எங்களுக்கே தெரியாதுடா" என்றார் சர்ஜன். "உன் போனுக்கு அடிச்சுப் போகலன்னு உங்க அக்கா கடை லேண்ட்லைனுக்கு அடிச்சாங்க. வலி எடுத்துடுச்சாம். அப்பறம்தான் உன்னைத் தேடினோம். ஓடு, வண்டி சொல்லியாச்சு."

"அக்கா என்கிட்ட பேசினாளா?"

"அதான் போகலன்னு சொல்றேன்ல?"

ஓடினேன். அக்கா சுவரைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் முதலில் வந்தது திட்டுதான். "வந்துட்டியாடா ஆடிட்டர்? எங்க போய்த் தொலைஞ்ச?" வாழ்நாளில் எந்தத் திட்டும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் லிஃப்டில் மாட்டிய கதையை மட்டும் சொன்னேன். "அப்போ ஒரே ராத்திரியில ரெண்டு பேரு பெட்டிக்குள்ள இருந்து வெளிய வந்திருக்கீங்க" என்று சிரித்தாள். குரலைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. சர்ஜனிடமும் சொல்லவில்லை.

நான் லிஃப்டுக்குள் இருந்தபோதே அந்த இணையப் பக்கம் சுற்றி முடித்திருந்தது. கறுப்பு போன் எல்லா நெட்வொர்க்குகளிலும் தடை செய்யப்பட்ட போன். காணாமல் போனதாக யாரோ பதிந்து வைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டாலும் அதற்கு அழைப்பு வராது. அதிலிருந்து போகவும் போகாது. சர்ஜன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டார். கடைக்கு அதைக் கொண்டுவந்த மொத்த வியாபாரி, குவியலில் வந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

தடை செய்யப்பட்ட போன் கைக்கு வந்தால் பதிந்தவரிடம் திருப்பிக் கொடுப்பது முதலாளியின் வழக்கம். கம்பெனிக்காரர்கள் அதைப் பதிந்து வைத்திருந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு எண்ணைக் கொடுத்தார்கள். இது நடந்தது இரண்டு வாரம் கழித்து. நல்ல வெயில் நேரம். கடையில் கூட்டம். முதலாளி எண்ணைப் போட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீயே பேசு. வந்து வாங்கிக்கச் சொல்லு."

மறுமுனையில் எடுத்தார்கள்.

"ஹலோ?"

ஒரே சொல்தான். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே குரல்.

விஷயத்தை மட்டும் சொன்னேன். உங்கள் பெயரில் பதிந்த போன் ஒன்று எங்கள் கடைக்கு வந்திருக்கிறது என்றேன். வேறு ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.

"அது என் தம்பி போன்" என்றார். "வேலைக்குப் போன இடத்துல லிஃப்டுல மாட்டிக்கிட்டான். எனக்குத்தான் அடிச்சான். லிஃப்ட் சர்வீஸ் ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலை எனக்கு. எல்லாம் தெரியும்னு நெனச்சேன். கதவை எப்படித் திறக்கணும்னு நான்தான் சொன்னேன். நான்தான் இறங்கச் சொன்னேன். அவன் பாதி இறங்கும்போது..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"போனை வந்து வாங்கிக்கிறீங்களாம்மா?"

"வேணாம்பா."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பிறகு, பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதுல நான் இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கேனா?"