மதகடியின் முதல் பக்கம்

பெண்ணைப் பெற்றவர் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம். விருத்தாசலமோ மண்டபத்தின் மூலையில், ஆம்பிளிஃபயர் மேசைக்குப் பின்னால், புதுப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஊரு கல்யாணத்துக்கெல்லாம் மைக் செட்டு போட்டது பத்தலியா? இன்னிக்கு ஒரு நாளாவது அப்பனா வந்து நில்லுங்களேன்" என்றாள் அவர் மனைவி ராஜாமணி.

"ஒரே ஒரு பாட்டு. முள்ள வெச்சிட்டு வர்றேன், நீ போ."

திண்டிவனம் பக்கத்தில் பெண்ணை அறையிலிருந்து அழைத்து வரும்போது 'மதகடி' இசைத்தட்டின் முதல் பாட்டைப் போடுவது வழக்கம். எழுபதுகளின் நடுவில் விழுப்புரத்துப் பையன்கள் நாலு பேர் மதராசுக்குப் போய்ப் பதிவு செய்த தட்டு அது. கிட்டாரையும் பம்பையையும் ஒன்றாக வாசித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாலு பேரும் சேர்ந்து பாடவில்லை. ஆனால் தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பெருமுக்கல்லில் காதுகுத்துக்கு அந்தப் பாட்டு வேண்டும், மண்டகப்பட்டில் மாட்டுப்பொங்கலுக்கு வேண்டும். தாங்கள் பிறப்பதற்கு முந்தைய காலத்துப் பாட்டு என்று தெரியாத பிள்ளைகளும் பம்பை வரும் இடத்தில் சரியாகக் கை தட்டுவார்கள்.

விருத்தாசலம் அந்தத் தட்டைப் பாண்டிச்சேரியில் வாங்கியபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. அப்போது அவர் ஒரு சவுண்டு சர்வீஸில் குழாய் ஸ்பீக்கர் சுமந்துகொண்டிருந்தார். பழுதான ஆம்பிளிஃபயர் ஒன்றைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி, ஈயம் பற்றவைக்கும் வேலையைத் தானாகவே பழகிக்கொண்டார். அந்தப் பழக்கத்தில் வலது கை விரல் நுனிகள் வெந்து வெந்து காய்த்துப்போய், சூடும் தெரியாது, தொடுவதும் தெரியாது. கேசட் வந்தது, சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். மகள் கலைமதி கல்யாணத்துக்கு மட்டும் தட்டையே எடுத்து வந்திருந்தார். பென் டிரைவில் பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டி வைத்திருப்பது அவருக்கு ஆகாது. தட்டில் முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது.

சரியாக அந்த இடத்தில்தான் ஒரு கீறல். முள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் தலைமேல் ஒரு பழைய எட்டணாக் காசை வைத்திருந்தார்.

அறைக் கதவு திறந்தது. கலைமதி தலை குனிந்து வாசற்படி தாண்டினாள். விருத்தாசலம் முள்ளை இறக்கினார். கிட்டார் தொடங்கியது.

*போறவரே நில்லுங்க,*
*பொழுது இன்னும் சாயலையே…*

மாப்பிள்ளை வீட்டு வரிசைகளில் பேச்சு நின்றது. அனந்தபுரத்துக்கு அப்பால் உள்ள ஊர் அவர்களுடையது. மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணனின் அத்தை கோவிந்தம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யோவ் சம்பந்தி! இன்னா பாட்டுய்யா போட்டுக்கினு கீறீங்க? எங்கூர்ல பாடை தூக்கும்போது போடுற பாட்டுய்யா இது!"

ஒரு செட்டுக்காரர் எல்லைக்குள் இன்னொருவர் போகமாட்டார். அது தொழில் மரியாதை. அனந்தபுரம் பக்கம் வேறொருவருடையது. அங்கே இந்தப் பாட்டு எதற்கு ஓடுகிறது என்று விருத்தாசலம் கேட்டதே இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஜெகதீசன் பாய்ந்து வந்தார். "பொண்ண பெத்தவனே எழவு பாட்டு போடுவானா? புடுங்குடா ஒயர!"

"அய்யோ, நிறுத்தாத!" கோவிந்தம்மாள் குரல் கிழிந்தது. "பாதியில நிறுத்தினா இன்னொரு உசுர கூட்டிக்கினு போயிடும்! முடியட்டும். முடிஞ்சதும் நாம எழுந்து போயிடலாம்."

ஜெகதீசன் தடுமாறி நின்றதில் இடுப்பு மேசையில் இடித்தது. காசு எகிறி எங்கோ விழுந்தது.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் குனிந்து, தரையில் சிந்திக் கிடந்த பூவிதழ்களுக்குள் துழாவினார். காசு அகப்படவில்லை. நிமிர்ந்தபோது கலைமதி பாதி வழியில் அப்படியே நிற்பது தெரிந்தது. தோழிப்பெண் அவள் கையை விட்டிருந்தாள். மணவறையில் மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், எழவும் இல்லை, உட்கார்ந்தபடியும் இல்லை.

"முகூர்த்தம் தாண்டிடும்" என்றார் ஐயர், யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.

கடைசி வரி வந்துவிட்டது.

*யாரு வந்து கூட்டிப் போவா… கூட்டிப் போவா… கூட்டிப் போவா…*

முள் மாட்டிக்கொண்டது. மண்டபத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். "கேட்டியா, கூப்பிடுது பார்!" என்றாள் கோவிந்தம்மாள்.

முள்ளைத் தூக்கினால் பாட்டு பாதியில் நின்றதாகிவிடும். தள்ளினால் எங்கே போய் விழுமோ. விருத்தாசலம் வலது கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். அழுத்தம் அந்த விரலுக்குத் தெரியாது. இடது கைச் சுண்டு விரலை முள்ளின் தலைமேல் வைத்தார். *கூட்டிப் போவா…* இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மூச்சை அடக்கினார். *கூட்டிப் போவா…*

முள் கீறலைத் தாண்டியது.

பம்பை நிற்கவில்லை. அதே அடி சட்டென்று வேகம் பிடித்துத் திரும்பியது. மேலே கிட்டார் துள்ளி ஏறியது.

*நானே வந்தேன் மதகு தாண்டி,*
*நாத்து முடியும் கையிலே…*

கோவிந்தம்மாள் எழுந்துபோகத் தோளில் மாட்டிய பையோடு நின்றாள். பாட்டு முடியக் காத்திருந்தவள் அவள். அது முடியவில்லை. பாட்டில் போனவரே திரும்பி வந்துவிட்டார், வந்து வீட்டுக் கதை பேசுகிறார், மல்லாட்டைக் கடலை வறுக்கச் சொல்கிறார்.

"இது இன்னாது? எங்கூர்ல இது வந்ததே இல்லியே."

"எப்பவும் இதுதாங்க பின்னாடி வரும்" என்றார் விருத்தாசலம், விரலை எடுக்காமல். "ரெண்டும் ஒரே பாட்டு மாதிரிங்க, சம்பந்தியம்மா. பென் டிரைவ்ல வெட்டிப்புட்டாங்க. உங்கூர்ல போடுறது தெரிஞ்சிருந்தா சத்தியமா தொட்டிருக்கமாட்டேன்."

"முழுசா போடத் துப்பில்லாத பசங்க" என்று முணுமுணுத்த கோவிந்தம்மாள், தன் ஊர்ச் செட்டுக்காரரை ஒரு வசவு வைதாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். பிறகு பையை நாற்காலியில் போட்டுவிட்டு நடந்துபோய்க் கலைமதியின் கையைப் பிடித்தாள்.

"இன்னா ஜெகதீசா, மரமாட்டம் நின்னுக்கினு? வழிய வுடு. பொண்ண கூட்டியாந்துக்கினு கீறேன்ல?"

கெட்டிமேளம் முழங்கியது. அதற்குள் பாட்டின் சத்தம் அமுங்கிப்போனது. ராஜாமணி அங்கிருந்து கையசைத்தாள், வாயசைப்பிலேயே திட்டினாள். பாட்டு முடியும்வரை விருத்தாசலம் நகர்வதாக இல்லை. கீறல் தாண்டி வெகுநேரமாகியும் சுண்டு விரல் முள்ளை விடவில்லை. பக்கத்திலிருந்த தாம்பாளத்திலிருந்து அட்சதையை வலது கையில் அள்ளினார். விரல்களுக்கு அரிசி தெரியவில்லை. தாலி கழுத்தில் ஏறும்போது, நின்ற இடத்திலிருந்தே, எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு வீசினார்.