பச்சைக் கோடு

வசந்தா இறந்த செய்தி வந்தபோது நான் திருத்தணி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அடுத்த நிமிடமே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘அவர் நம் மனங்களில் என்றும் வாழ்கிறார்’ என்று போட்டார். அவரோடு வேலை பார்த்தவரா இதை எழுதுவது? அந்த வரி வசந்தாவின் கண்ணில் பட்டிருந்தால் அழித்துவிட்டு, எழுதியவரை எழுப்பி நிறுத்தியிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கடலோர அலையாத்திக் காடுகளை ட்ரோன் மேலிருந்து எடுத்த படங்கள் நம் மாடி அறைக்கு வரும். நல்ல மரங்களைச் சுற்றிப் பச்சைக் கோடு. பாதிக்கு மேல் இலை போயிருந்தால் சிவப்பு. நம் கோடுகளைப் பார்த்துத்தான் செயற்கை நுண்ணறிவு காட்டைக் கணிக்கப் பழகியது. அது சிவப்பு காட்டிய இடத்தில்தான் கடல்நீர் போய்வர வாய்க்கால் வெட்டினார்கள். கோடுகளைச் சரிபார்ப்பது வசந்தாவின் வேலை.

நான் பள்ளிப்பட்டில் தறி ஓட்டியவன். கம்ப்யூட்டரை யாரிடமும் கற்கவில்லை. ஒருநாள் படத்தில், ஒரு வளைவில் மரங்கள் சாம்பல் பூத்து நின்றன. நுனியில் கொஞ்சம் இலை இருந்தது. பச்சை போட்டேன்.

“ஏன் பெருசு, இது உனுக்குப் பச்சையா?” எல்லோர் முன்னாலும் வசந்தா கத்தினார்.

“உயிர் இருக்குதும்மா. அதைப் போய் செத்துதுன்னு எப்படிப் போடறது?”

“நீ பாவம் பார்த்துகினு இருப்பே, மெஷினு நல்லாக்கீதுன்னு நம்பிக்கும். ஒருத்தனும் மம்பட்டி எடுத்துகினு வரமாட்டான்.”

அவரே அழித்துச் சிவப்பு போட்டார். பிறகு, வெறும் தண்ணீர் மட்டுமே உள்ள படங்களுக்கு என்னை மாற்றினார். “தண்ணி மேல பாவம் பார்க்க முடியாது, பாரு.” அறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த வளைவுக்கு வாய்க்கால் வந்தது. பக்கத்து வளைவில் நாம் போட்டிருந்த பச்சை அவர் பார்வைக்குத் தப்பியிருந்தது. அங்கே வாய்க்கால் வரவில்லை. அடுத்த படத்தில் மரமே இல்லை, உப்புத்தரைதான். அதை எல்லோர் திரையிலும் வைத்தார். “பார்த்துக்கோங்க. இதான் உங்க நல்ல மனசு.”

வயதில் மூத்தவனை இப்படிப் பேசலாமா என்று அன்று கேட்டேன். இன்றும் கேட்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப்போவதில்லை.

போன மாதம் அரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். உடம்பில் ஒன்றுமில்லை, எலும்புதான். திருத்தணி மலைக் கோயிலிலிருந்து கொண்டுபோன விபூதியைக் கொடுத்தேன்.

“முகம் தெளிஞ்சிருக்குதும்மா. ஆடிக் கிருத்திகைக்குள்ள எழுந்து வந்துடுவே.”

கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “எனுக்குமா பச்சை போடறே, பெருசு?”

போர்வையை இழுத்துவிட்டேன்.

“டாக்டருங்களும் அதான் போட்டுகினு இருந்தாங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு. இப்ப வாய்க்கா வெட்டி என்னா பிரயோஜனம்?”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இப்போது கோடுகளைச் சரிபார்க்க அவர் நாற்காலியில் நான் உட்கார்கிறேன். குழுவில் போட்ட அந்த வரியை எடுத்துவிடுங்கள். வசந்தா செத்துப்போனார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சிவப்பு ஒன்றைத்தான்.