பாடு மாற்றிக்கொண்ட வியாழக்கிழமை

போன வாரம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. மீஞ்சூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்களே கட்டலாமே என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன்தான். இப்போது கண்ணும் சரியில்லை, பொறுமையும் போய்விட்டது. கடைக்காரர் புதுக் காயில் மேல் வார்னிஷ் ஊற்றியதும் அந்த வாசனை குப்பென்று ஏறியது. மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வார்னிஷ் என்றால் கூடவே காய்கிற இறால் வாசனையும் வந்தாக வேண்டும். பழவேற்காட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியின் தொழிற்கல்வி அறை அப்படித்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் இறால், மூடினால் வார்னிஷ். இரண்டும் வேண்டாமென்றால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

தொழிற்கல்விப் பிரிவுகள் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் பள்ளிக்கும் மோட்டார் காயில் கட்டும் பிரிவு வந்தது. 'மோட்டார் குரூப்பு' என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். உப்புக் காற்றுக்கு அந்தப் பக்கம் ஃபேன், பம்புசெட்டு, ஐஸ் கம்பெனி மோட்டார் எதுவும் நெடுநாள் தாங்காது. அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குள் இருந்த ஒரு தீவு ஊரிலிருந்துதான் பாதிக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். படகில் வந்து இறங்கி, கால் சேற்றை அடிபம்பில் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள்.

அவர்களில் ஒருத்தி கஸ்தூரி. கம்பி சுற்றும்போது கூடவே பேசுவாள், ஆனாலும் சுற்று தப்பாது. நான் பேசிக்கொண்டே சுற்றினால் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியிருக்கும், அதையும் சொல்லிக் காட்டுவாள். பத்தாவதோடு நிறுத்த இருந்தவளை அவள் அப்பா, அவள் சொல்கிற மாதிரி நைனா, ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் அனுப்பியிருந்தார். "மோட்டாரு குரூப்புன்னா படிக்கட்டும் சார். கம்பெனில வேலை கெடைக்கும்னு சொல்றாங்க. இல்லாங்காட்டி ஊட்ல இருக்கட்டும்."

இதற்குள் பல ஊர்களில் பெயரை மட்டும் எழுதிவைத்துப் பிள்ளைகளே இல்லாமல் பிரிவு நடத்துகிறார்கள் என்று மேலே புகார் போயிருந்தது. புகாரில் பொய்யும் இல்லை. நேரில் பார்த்துப் பிள்ளைகள் இல்லாத பிரிவை மூடிவிட அதிகாரிகள் கிளம்பினார்கள். எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

கஸ்தூரி அதைக் கேட்டதும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "வியாழக்கெழம எங்க ஊரு பாடு சார்."

பாடு என்றால் முறை. ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழும் இடங்களில் இன்ன நாள் இன்ன ஊர் வலை கட்டலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடு. பாடு நாளில் ஊரின் படகெல்லாம் ஏரிக்குள் போய்விடும், பிள்ளைகளைக் கரைக்குக் கொண்டுவர ஒன்றுகூட மிஞ்சாது. நான் என்ன செய்ய? தீவுக்கே போய்க் கேட்பது என்று கிளம்பினேன். தண்ணீர் என்றால் எனக்கு உயிர் பயம். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். "அது எங்கயும் ஓடிடாது சார், உட்டுட்டு ஒக்காருங்க" என்று கஸ்தூரி சிரித்தாள்.

ஊர்க் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து ஊரிடம் போய் நாள் மாற்றிக் கேட்பது அவர்களுக்குப் பெரிய கௌரவக் குறைச்சல். கடைசியில் கஸ்தூரியின் நைனாதான் எழுந்தார். "நான் போய்க் கேக்கறேன். பிள்ளைங்க விஷயம், இன்னா பண்றது." கேட்டார். அவர்கள் என்னென்ன பேசினார்களோ தெரியாது, வியாழனைக் கொடுத்துவிட்டு வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தலைக்கு எண்ணெய், சலவைச் சட்டை, கழுவின கால். கஸ்தூரி தான் கட்டிய மோட்டாரைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். மதியம் ஆயிற்று, ஜீப் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதுகூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் படகுகள் திரும்பிப் போன பிறகு தலைமையாசிரியர் அறையில் போன் அடித்தது. வேறொரு பள்ளியில் நேரமாகிவிட்டதாம், நாளைக் காலை வருகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தீவின் படகெல்லாம் ஏரிக்குள் போயிருந்தன, வகுப்பில் கரையூர்ப் பிள்ளைகள் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான் அந்த அதிகாரியிடம் பாடு, படகு, நாள் மாற்றிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். "எல்லா ஸ்கூல்லயும் ஒரு காரணம் சொல்றாங்க சார். நான் கண்ணால பாக்கறதைத்தான் எழுத முடியும்" என்றார். கஸ்தூரியின் மோட்டாரை ஓடவிட்டுக் காட்டினேன். நன்றாக ஓடியது. "நீங்க கட்டினதா?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு பிரிவு இல்லை என்று உத்தரவு வந்தது. இருந்த பிள்ளைகளை வரலாற்றுப் பிரிவில் சேர்த்தார்கள். கஸ்தூரியின் நைனா சொன்ன சொல்லில் நின்றார், அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். நானும் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வந்துவிட்டேன். அந்த அதிகாரி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. பொய்ப் பெயர் எழுதி அவரை அப்படி ஆக்கிவைத்த பள்ளிகள் மேல் அதைவிட அதிகம். நாங்கள் கம்பி சுற்றிய அறையில் இப்போது கணினிகளும் பெரிய திரையும் இருக்கின்றன என்கிறார்கள். வருகைப்பதிவை செல்போனிலேயே மேலே அனுப்பிவிடுகிறார்களாம், ஜீப்பும் வர வேண்டியதில்லை.

போன வருஷம் பொன்னேரி பஸ்ஸில் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலையாம். "பொண்ணு பத்தாவது சார். நம்ம ஸ்கூல்ல மோட்டாரு குரூப்பு மறுபடி வந்துதா?"

இல்லை என்றேன். டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நாள மாத்தாம இருந்திருந்தா, வெள்ளிக்கெழம நாங்க எல்லாரும் கிளாஸ்ல இருந்திருப்போம்ல?"

"அது உங்க தப்பு இல்லம்மா" என்றேன் அவசரமாக.

"நான் சொல்லல சார். நைனாதான், சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."