சனிக்கிழமை வகுப்பில் நான் சொன்ன கதை

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். படிக்காதவள் இல்லை. உளப்பகுப்பாய்வு முறையில் மனநல சிகிச்சை செய்கிறவள். ஐம்பது நிமிடம் ஒருவரைப் பேசவிட்டு, அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் இந்தச் சின்ன விஷயம் புத்தியில் உறைக்கவில்லை. மற்றவர்கள் பேசுவதுதான் ஹெட்போனுக்குள் அடங்கும். நான் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும்.

எங்கள் தொழிலில் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடாது. தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும், படித்ததற்குச் சான்றிதழும் காட்ட வேண்டும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு அதற்காக அடிக்கடி ரயிலேற என்னால் முடியாது. அதனால் இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். திரையில் பன்னிரண்டு முகங்கள், ஒரு ஆசிரியை. ஒவ்வொருவரும் தன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவரைப் பற்றி, அடையாளத்தை மறைத்து, எழுதி வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு படிவம் வரும். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று அதில் ஒரு கட்டம். நான் வாங்கவில்லை. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று டிக் அடித்துவிட்டேன். அடுத்த வாரமும் கேட்கவில்லை, அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை.

நான் எழுதியது ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைப் பற்றி. கல்யாணமாகாதவள். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை நான்கு வருடம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். ஒரு மத்தியானம் மாடியில் நல்லமிளகைக் காயப்போடப் போனவள், போட்ட பிறகும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே அம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டது கேட்டது. அவள் போகவில்லை. தனக்கென்று ஒரு பத்து நிமிடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இறங்கி வந்தபோது அம்மா இறந்திருந்தாள். இதை அவள் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தாள். ஒன்று, குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா. இன்னொன்று, ஏழு மாதம் வேறு என்னென்னவோ பேசித் தீர்த்த பிறகு, நான்.

வகுப்புக்காக அவள் ஊரை மாற்றினேன். ஆசிரியை வேலையை வங்கி வேலையாக்கினேன். மிளகை மட்டும் மாற்றவில்லை. படிக்க அவ்வளவு நன்றாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருத்தியின் வேதனையில் எனக்கு எழுத்தழகு தேவைப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு நல்ல மழை. எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை, மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. "கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக" என்று ஆசிரியை இரண்டு தடவை சொன்னார். நான் தொண்டையைத் திறந்துவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் அடுக்களை. அங்கே மைனி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். மைனி என் கணவரின் அக்கா, தன் கணவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் கவலைப்படத் தோன்றவில்லை, ஏனென்றால் திரையில் எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். மிளகைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, நான் யாரைப் பற்றி எழுதினேனோ அவள் என் அறைக்கு வந்தாள். வழக்கமாகப் பேச்சைத் தொடங்கவே ஐந்து நிமிடம் எடுப்பவள், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டு மாமி வந்து எனக்க கையப் பிடிச்சிட்டு அழுதாங்க மேடம். அம்மா கூப்பிட்டப்ப போவல்லன்னு மனச ஒடைச்சுக்காத மக்கா, கர்த்தர் மன்னிப்பாருன்னு சொல்லுகாங்க. இது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொன்னது அக்காட்டயும் உங்களட்டயும் மட்டுந்தான். நீங்க சொல்ல மாட்டிய. அப்ப அக்காதான்."

அக்கா அந்தச் சமயம் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். அதனால் அவள் மேல் சந்தேகம் போனதில் அதிசயம் இல்லை. வகுப்பில் வாசித்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வகுப்பில் இருப்பவர்கள் எங்கெங்கோ இருப்பவர்கள், அங்கிருந்து இந்த ஊருக்கு எப்படி வரும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். "அக்காதான்னு நெனைக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"இனி அவ மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுக்களைச் சுவரைப் பார்த்ததும்தான் உறைத்தது. மைனியிடம் கேட்டேன், வகுப்பில் நான் பேசியது கேட்டதா என்று. அவர் மறைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவர் போகும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நோயாளிகள், வேலை கிடைக்காதவர்கள், கடலுக்குப் போனவர்கள். மைனி அந்த வாரம் இதைச் சொல்லியிருக்கிறார்.

"ஆமா, ஜெபத்துல வச்சேன். கேட்ட நாள்ல இருந்து எனக்குச் சோறு எறங்கல்ல. தள்ளை கீழ கெடந்து தண்ணி கேக்கா, புள்ள மேல நல்லமிளகுக்குப் பக்கத்துல இருக்கா. பாவம்லா அந்தப் புள்ள."

அந்தக் கூட்டத்தில்தான் அவளுடைய பக்கத்து வீட்டு மாமியும் இருந்திருக்கிறார். அம்மா இறந்த அன்று அவளை மாடியில் மிளகுக்குப் பக்கத்தில் பார்த்தவர் அவர் என்று அவளே என்னிடம் முன்பு சொல்லியிருந்தாள். வேறு அடையாளம் எதற்கு?

நான் கத்தினேன். உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி வந்து பதினாறு வருடத்தில் மைனியை நான் எதிர்த்துப் பேசியது கிடையாது. அவர் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் பேரு சொல்லல்ல. நீயும் பேரு சொல்லாமத்தான் சொன்ன. நான் கர்த்தர்ட்ட சொன்னேன். நீ யாருட்ட சொன்ன?"

அறைக்குப் போய், நான் டிக் அடித்த அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாகச் செய்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"அவளே ஒத்துக்கிட்டா மேடம். வாய்தவறி மாமிட்ட சொல்லிட்டேன், மன்னிச்சிருன்னு அழுதா. சனிக்கிழம கெளம்புகா. நான் ஏர்போர்ட்டுக்குப் போவல்ல."

அக்கா சொன்னது பொய் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். செய்யாத குற்றத்தை அவள் ஏன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று புரியவில்லை. ஆனால் புரியாவிட்டால் என்ன, ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் சனிக்கிழமை ஒன்றாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சிகிச்சையாளர் தன் பாரத்தை வந்தவர் தலையில் இறக்கக் கூடாது, தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று படித்த பாடமெல்லாம் அப்போது பார்த்து ஒழுங்காக ஞாபகம் வந்தது. அந்தப் படிவத்தில் டிக் அடித்தபோது ஒரு பாடமும் வரவில்லை. பயம்தான், வேறு ஒரு மண்ணும் இல்லை. அவள் எழுந்து போய்விடுவாள், ஊரில் பெயர் கெடும், சான்றிதழ் கிடைக்காது என்ற பயம். "ம்" என்று மட்டும் சொன்னேன். நான் மௌனமாகக் கவனிப்பதாக அவள் நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை அக்கறையாகக் கேட்டார், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று. அவளுடைய அக்கா விமானம் ஏறிக்கொண்டிருந்த நேரம். "நல்ல முன்னேற்றம்" என்றேன். பன்னிரண்டு முகமும் சந்தோஷமாகத் தலையாட்டின. நான் கேமராவை அணைத்துவிட்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை சொன்னேன். வகுப்பு, வாங்காத அனுமதி, மழை, மைனி, ஜெபக்கூட்டம், போன வாரம் நான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டது, ஒன்று விடாமல். மன்னிப்பும் கேட்டேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அக்கா எதுக்கு ஒத்துக்கிட்டா?"

தெரியாது என்றேன். அவள் போனை எடுத்துக் குவைத்துக்கு அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் எனக்கு முன்னால் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

அக்கா எடுத்ததும் நான் யார் என்று சொன்னேன். உங்கள் தங்கை பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றும் சொன்னேன். விஷயத்தைப் பாதி சொல்லும்போதே அவள் குறுக்கிட்டாள்.

"தெரியும் மேடம். நான் யாருட்டயும் சொல்லல்லன்னு எனக்குத் தெரியும்லா? அப்ப மிச்சம் நீங்க ஒரு ஆளுதான்."

"பிறகு ஏன் நீங்க..."

"நானும் இல்லன்னு சொன்னா, அவ யோசிச்சு உங்களட்டதான் வந்து நிப்பா. பொறவு அங்க வரமாட்டா. உங்களட்ட வரத் தொடங்கின பொறவுதான் மேடம் அவ ஒழுங்கா உறங்குகா. எனக்க மேல உள்ள கோவம் இன்னைக்கில்லன்னா நாளைக்குத் தீரும். உங்கள விட்டா அவ எங்க போவா?"

தங்கை போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருப்பியளா மேடம்? எனக்கு அக்காட்ட பேசணும்."

அவளுடைய நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மீதி இருந்தது. எழுந்து வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். சிகிச்சைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் அழுதுகொண்டே பேசுவது கேட்டது. நான் எழுந்து, கேட்டைத் திறந்துகொண்டு, அந்தக் குரல் எட்டாத தூரத்துக்கு நடந்துபோய் ரோட்டோரமாக நின்றேன்.