என் மகளுக்காக நான் நேர்ந்துகிட்ட பால்குடம்

என் வாய் சும்மா இருக்காது. சாப்பிட்டு எழுந்ததும் மகள் பாத்ரூமுக்கு ஓடினா, "நான் ஆக்கினது மகாராணிக்கு ருசிக்கலையோ?"ம்பேன். "ஒண்ணுமில்லம்மா, கேஸ்ட்ரிக்"ம்பா. நானும் நம்பினேன். பாலிடெக்னிக் கடைசி வருஷம், படிப்பு டென்ஷன்னு நினைச்சேன்.

தைப்பூசம் நெருங்கிச்சு. அந்த வயித்துக் கோளாறு தீர்ந்தா போதும்னு, அவளைக் கேக்காமலே, அவ பால்குடம் எடுப்பான்னு முருகன்கிட்ட நேர்ந்துகிட்டேன். ஒரு மாச விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டா. "உன் பொண்ணு தங்கம் லா"ன்னு சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல எங்க அடுக்குமாடி பிளாக்கே பேசிச்சு. எனக்குத் தலைகால் புரியல.

மூணாவது வாரம் தேக்கா மார்க்கெட்டுல பூ வாங்கறப்ப, கண்ணு இருட்டுதுன்னு அப்படியே சரிஞ்சிட்டா. ரத்தத்துல பொட்டாசியம் குறைஞ்சு இதயத்துடிப்பே தடுமாறுதுன்னாங்க ஆஸ்பத்திரியில. அவ சம்மதத்தோட டாக்டரம்மா எனக்கு விளக்கினாங்க. இதுக்குப் பேர் புலிமியா. அடக்க முடியாம நிறைய சாப்பிடறது, அப்புறம் பயந்துபோய் வாந்தி எடுக்கறது. பட்டினி கிடந்தா அது இன்னும் முத்தும். விரதம் கூடவே கூடாது, மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை ஏதாவது சாப்பிடணும்னாங்க.

"சாமி காரியம், டாக்டர்..."னு இழுத்தேன். மகள் அழுதுட்டா. "பட்டினி கிடன்னு நீயே சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சும்மா. அதான் எனக்கு பயம்." ஐயோ, பெத்தவளே குழி தோண்டின கதையாப் போச்சே! அன்னைக்கே வேண்டுதலை விட்டேன். முருகன் கோச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்.

இப்ப வாராவாரம் கவுன்சலிங் போறா. வேளாவேளைக்கு நானும் கூட உக்கார்ந்து சாப்பிடறேன். அவ உடம்பைப் பத்தியோ தட்டைப் பத்தியோ நான் ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். நடுவுல சறுக்கினாலும் அடுத்த வேளையைத் தவறவிடக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் தட்டுல வச்சதை முழுசா சாப்பிட்டா. மனசுக்குள்ள கும்பிட்டேன். கொஞ்ச நேரத்துல பாத்ரூம்ல குழாய் சத்தம் பெருசா கேட்டுச்சு. எழுந்து கதவுகிட்ட போய் நின்னேன்.

கதவைத் திறந்து ஈர முகத்தோட நின்னா. கேஸ்ட்ரிக்னு சொல்லல.

"வாந்தி எடுத்துட்டேம்மா. சாரி."

திட்டும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் முழுங்கிட்டு, "சரிடி. நாலு மணிக்கு டீ போடறேன்"னேன்.

சுவத்துல சாஞ்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம், "பிஸ்கட்டும் வைம்மா"ன்னா.